கசிவு

வடசேரியில் பதினெட்டு ரூபாய்க்கு வாங்கிய வாஷர்.
அதுதான் காரணமென்று தாணுலிங்கத்தைத் திட்டினேன்.
ஹீலியம் மட்டும் இருக்கவேண்டிய கலத்துக்குள்
ஆடிக்காற்று நுழைந்துவிட்டது.
ஆரல்வாய்மொழிக் கணவாயில்
காற்றாலைகளைச் சுழற்றிய மிச்சம்,
நாகர்கோவிலில் எங்கள் ஆய்வகத்துக்கும் வந்திருக்கிறது.

கிராஃபைட் தண்டைத் துளைத்து
இட்ரியம் ஆக்சைடு திணித்து
மின்வில்லில் இரண்டு மணிநேரம் எரித்ததெல்லாம்
பாழ் என்றேன்.
அவர் பேசவில்லை.
ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.
மறுநாள் லீவு. அதற்கு மறுநாளும்.

கரியை எறிய மனமில்லை.
டொலுவீனில் ஊறவைத்து வடித்த ஒரு குப்பியை
திருவனந்தபுரம் போகும் மாணவன் கையில் கொடுத்தனுப்பினேன்,
நிறை பார்த்து வர.

நான் தேடியது ஆயிரத்து எழுபத்து மூன்று:
எண்பத்திரண்டு கரிக்குள் ஒற்றை இட்ரியம்.
வந்தது ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்று,
வெட்டவெளிப் பனைபோல ஒரே கோடு.

பஸ் டிக்கெட்டின் பின்புறம் கழித்துப் பார்த்தேன்.
எண்பது கரிக்குத் தொள்ளாயிரத்து அறுபது.
மூன்று இட்ரியத்துக்கு இருநூற்று அறுபத்தேழு.
மிச்சம் பதினான்கு.

பதினான்கு.
நைட்ரஜன்.

வேறு தேசத்தில் என்றோ கண்டு எழுதிவைத்ததுதான்.
அவர்களுக்கும் கசிவில்தான் கிடைத்ததாம்.
படித்திருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன்.
விளங்கியது அன்றைக்கு.

மின்னேறிய மூன்று உலோகம் ஒன்றையொன்று தள்ளும்.
நைட்ரஜன் நடுவில் உட்கார்ந்தால் முக்கோணமாய் நிற்கும்,
அதுவும் வெளியில் நிற்காது,
தனியே குடுவையில் போட்டு யாரும் காட்டமுடியாது.
கூட்டுக்கும் அதே கதி.
பன்னிரண்டு ஐங்கோணம், முப்பது அறுகோணம்
பந்தாய்ச் சேர்ந்த அந்த வடிவம்
வெறுமையாய் எவர் கைக்கும் வந்ததில்லை.
அதற்கு ஆறு எலக்ட்ரான் குறை.
உள்ளிருப்பவை ஆறு கொடுக்கின்றன.
கூடு ஆறுகிறது.

(தமிழ் தெரிந்ததால் சும்மா கிடைத்த சொத்து இது.
எழுதப்போகும் கட்டுரையில் இதற்கு இடமில்லை.)

விடுதியில் பிரான்சிஸ்காள் சொன்னாள்,
"கல்யாணம் மாதிரியாக்கும்."
இல்லை, பிரான்சிஸ்காள்.
அங்கே கொடுத்ததை யாரும் சொல்லிக்காட்டுவதில்லை.
உள்ளே அந்த முக்கோணம்
ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதுமில்லை,
சுவரைத் தொட்டுத்தொட்டுச் சுழல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மணவாளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்.
வள்ளியாறு கடலுக்குப் போகும் வழியில் இறங்கி
விசாரித்து நடந்தேன்.
செருப்புக்குள் கருமணல்.
அதிலும் உண்டு இட்ரியத்தின் சொந்தக்காரர்கள்,
லாந்தனம், சீரியம்.
உடம்பு பெருத்தவர்கள்.
எண்பதில் அவர்களுக்கு மூச்சுமுட்டும்,
இன்னும் பெரிய கூடு கேட்பார்கள்.

தாணுலிங்கம் வாசலில் குந்தியிருந்தார்,
சைக்கிள் டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கியபடி.

"பதினாலு" என்றேன்.
டிக்கெட்டைக் காட்டினேன்.
ஈரக்கையோடு வாங்கி, தூரத்தில் பிடித்து வாசித்தார்.

"காத்து கேறுனது குத்தம்னு சொன்னியளே, மேடம்."

"சொன்னேன்."
மன்னிப்பு என்ற சொல்லைத்தான்
ஐம்பது கிலோமீட்டர் போல நீண்ட இருபது கிலோமீட்டரும்
வாயில் வைத்துக்கொண்டு வந்தேன்.
வாளியைப் பார்த்தபடி நான் பேசியதெல்லாம்
நைட்ரஜனைப் பற்றி.

சட்டைப்பையிலிருந்து வாஷரை எடுத்தார்.
வைத்திருந்திருக்கிறார்.
ஓரத்தில் மயிரிழை வெடிப்பு.

"அப்போ இனி அடைக்கணுமா, விடணுமா?"

"அடைச்சிரலாம். பக்கத்துல தனியா ஒரு வால்வு வைப்போம்.
அளந்து விடலாம்."

"எவ்வளவு?"

எனக்குத் தெரியவில்லை.
வெடிப்பு எவ்வளவு விட்டதென்று
யாரும் அன்று அளக்கவில்லை,
திட்டிக்கொண்டிருந்தேன்.

டியூபிலிருந்து ஒரு குமிழி எழுந்தது.
பிறகு இன்னொன்று, அதே இடத்தில்.
அவர் விரலால் அமுக்கிக்கொண்டு
என்னைப் பார்த்தார்.

"பேனா இருக்கா?"